கதவுக்குள் தொலையும் பேஸ்: காடியின் அசல் ஆடியோவை மேம்படுத்த ஒரு வழிகாட்டி

புதுக் காடி (கார்) எடுத்த சில வாரங்களில் நம் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பாட்டு தெளிவா இருக்கு, ஆனா பேஸ் அடிக்கவே மாட்டேங்குதே, என்ன செய்யலாம்?" பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் யாரைக் கேட்டாலும், ஈப்போவுக்குப் போய் பின்னால் ஒரு ஊஃபர் பெட்டி போட்டுக்கொள் என்பார்கள். அது தவறான யோசனை இல்லை. ஆனால் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. மைவியோ பெஸ்ஸாவோ சாகாவோ, எந்த மாடலானாலும், காடியோடு வந்த ஸ்பீக்கர் எழுப்பும் பேஸில், அதாவது தாழ்ந்த கனத்த ஒலியில், கணிசமான பங்கு கதவுக்குள்ளேயே வீணாகிவிடுகிறது. முதலில் அதை மீட்க வேண்டும். பிறகும் போதவில்லை என்றால் காசு செலவழிக்கலாம். இதுவரை கதவு டிரிம்மை, அதாவது கதவின் உட்பக்க மூடியை, கழற்றியே பார்க்காதவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எதிர்பார்ப்பை முதலிலேயே சரியாக வைத்துக்கொள்வோம். பேஸ் கிதாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். கதவில் இருக்கும் ஆறு, ஆறரை அங்குல ஸ்பீக்கர் பொதுவாக 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேகமாகத் தளர்ந்துவிடும். ஆகவே கிக் டிரம்மின் குத்து, மிருதங்கத்தின் இடந்தலை, ஆண் குரலின் கனம் ஆகியவற்றைக் கதவு ஸ்பீக்கரிலேயே நன்றாகக் கொண்டுவரலாம். இருக்கையை அதிரவைக்கும் அந்த அடி ஆழத்துக்குத்தான் சப்வூஃபர், அதாவது மேலே சொன்ன ஊஃபர், தேவை. உங்களுக்கு எது குறைகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

காசில்லாமல் செய்யக்கூடியவை

கைப்பேசியிலிருந்து புளூடூத்தில் பாட்டு போடுகிறீர்கள் என்றால், கைப்பேசியின் சத்தத்தை ஏறக்குறைய முழுதாக வைத்துவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் ரேடியோவில் செய்யுங்கள். கைப்பேசியில் இருக்கும் ஈக்குவலைசரை நிறுத்திவிடுங்கள். அங்கே ஒரு பேஸ் பூஸ்ட், ரேடியோவில் இன்னொரு பேஸ் பூஸ்ட் என்று இரண்டு இடத்தில் ஏற்றினால் ஒலி உடைந்துதான் வரும். ரேடியோவில் பேஸை இரண்டு மூன்று படி மட்டும் ஏற்றுங்கள். இன்னும் வேண்டும் என்று தோன்றினால் பேஸை மேலும் ஏற்றாமல், மிட், டிரெபிள் இரண்டையும் ஒரு படி இறக்கிவிட்டு மொத்தச் சத்தத்தைக் கூட்டுங்கள். காதுக்குக் கிடைப்பது அதே விகிதம்தான், ஆனால் பேஸ் அடிக்கும்போது ரேடியோ மூச்சு வாங்காது.

சோதனைக்கு எஃப்எம் வேண்டாம். மின்னலோ ராகாவோ, எந்த வானொலியும் ஒலியைச் சமப்படுத்தி இறுக்கித்தான் அனுப்பும். நீங்கள் பல தடவை கேட்டுப் பழகிய, நல்ல தரத்தில் பதிவான இரண்டு மூன்று பாட்டுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உறுமி மேளம் நன்றாகப் பதிவான ஒன்று அதில் இருக்கட்டும். உறுமியின் குரல் வழுக்கி ஏறி இறங்குவது. நல்ல அமைப்பில் அந்த வழுக்கல் முழுதாகக் கேட்கும். கெட்ட அமைப்பில் எல்லாமே ஒரே "தொம் தொம்" ஆகிவிடும். பேஸின் தரத்தைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சோதனை நம் இசையில் இல்லை.

அடுத்தது, பலரும் செய்யாமல் விடும் சோதனை. ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் ஒயர்கள் ஒரு பக்கத்தில் மட்டும் மாறியிருந்தால், இடப்பக்கக் கூம்பு வெளியே தள்ளும் அதே நொடியில் வலப்பக்கக் கூம்பு உள்ளே இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். அழிவது பேஸ்தான், பாடகர் குரல் கேட்டுக்கொண்டே இருப்பதால் கோளாறு இருப்பதே தெரியாது. புதுக் காடியில் இது அரிது. ஆனால் இரண்டாம் கைக் காடி, அல்லது ஏற்கெனவே யாரோ ரேடியோ மாற்றிய காடி என்றால் கட்டாயம் பாருங்கள்.

ஒலி உண்டாக்கும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் இறக்கி 80 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிடுங்கள். ரேடியோவில் ஃபேடரை (முன், பின் ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரிப்பது) முழுதும் முன்பக்கம் தள்ளுங்கள். பேலன்ஸை (இட, வலப் பக்கங்களுக்குப் பிரிப்பது) இடது பக்கம் முழுதாகத் திருப்பிக் கேளுங்கள், பிறகு நடுவுக்குக் கொண்டுவாருங்கள். நடுவில் சத்தம் கூட வேண்டும். குறைந்தால், ஒரு பக்கம் ஒயர் மாறியிருக்கிறது. 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை நீளம் நாலு மீட்டருக்கும் மேல் என்பதால், நீங்கள் ஓட்டுநர் இருக்கையில் ஒரு பக்கமாக உட்கார்ந்திருப்பது இந்தச் சோதனையைக் கெடுக்காது.

கோளாறு ஸ்பீக்கரின் குறியிலா ஒயரிலா என்று கண்டுபிடிக்க, ஸ்பீக்கரின் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு, சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ் முனையை ஸ்பீக்கரின் பிளஸ் முனையிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். கூம்பு வெளிப்பக்கம் துள்ளினால் அந்த ஸ்பீக்கரின் குறி சரி; இரண்டு பக்கமும் குறி சரி என்றால் மாறியிருப்பது ஒயர்தான். ரேடியோவோடு இணைப்பில் இருக்கும்போது இதைச் செய்யக் கூடாது.

ரேடியோ மேல் எழுதியிருக்கும் 50 வாட்

முகப்பில் "50 வாட் x 4" என்று அச்சடித்திருக்கும். எஞ்சின் ஓடும்போது காடியில் இருப்பது 14.4 வோல்ட் அளவு. அந்த வோல்டேஜை வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்கு உடையாமல் தரக்கூடியது கணக்குப்படி 26 வாட்டுக்கு மேல் போகாது. உள்ளே ஆகும் இழப்பையும் கழித்தால் ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட்டை ஒட்டித்தான் கிடைக்கும். 50 என்பது கணநேர உச்சம். எந்தப் பொருளின் பெட்டியிலும் "ஆர்எம்எஸ்" (தொடர்ந்து தரக்கூடிய வாட்) என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் படியுங்கள். இன்னொன்று: வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். வாட்டைத் துரத்துவதைவிட வீணாவதை அடைப்பது லாபம் என்று நான் சொல்வது இதனால்தான்.

கதவு வேலை

ஒரு ஸ்பீக்கரைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, குறைந்த சத்தத்தில் பாடவிட்டுப் பாருங்கள். பேஸே இருக்காது. ஒரு பெரிய அட்டைப் பலகையில் வட்டமாக ஓட்டை வெட்டி, அதே ஸ்பீக்கரை அதில் பொருத்திப் பாடவிடுங்கள். பேஸ் வந்து நிற்கும். கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் அதே அளவு இழுக்கிறது. முன் அலையும் பின் அலையும் சந்தித்தால் பேஸ் செத்துப்போகும். நடுவில் தடுப்பு இருந்தால் பிழைக்கும்.

உங்கள் காடியில் அந்தத் தடுப்பு கதவின் உள் தகடுதான். டிரிம்மைக் கழற்றிப் பார்த்தால் அந்தத் தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி மோட்டாரைப் பொருத்தத் தொழிற்சாலையில் விட்ட ஓட்டைகள். அவற்றின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அந்தத் தாள் மழைத் தண்ணீரைத் தடுக்கும், பேஸைத் தடுக்காது.

கழற்றும் முறை: சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். கைப்பிடிக் குழிக்குள்ளும் திறக்கும் பிடிக்குப் பின்னாலும் மூடியால் மறைத்த ஸ்க்ரூக்கள் இருக்கும். அவற்றை எடுத்த பிறகு, டிரிம்மைக் கீழ் ஓரத்திலிருந்து பிளாஸ்டிக் நெம்பு கொண்டு கிளிப் கிளிப்பாக விடுவித்து, மேல்நோக்கித் தூக்குங்கள். இரும்பு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பெயிண்ட் போகும். கிளிப் ஒன்றிரண்டு உடைவது சகஜம். உங்கள் மாடலுக்கான கிளிப்பை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டிரிம்மைத் தொங்கவிடாமல், கண்ணாடி சுவிட்சின் சாக்கெட்டைக் கழற்றிய பிறகு எடுத்து ஓரமாக வையுங்கள். சில மாடல்களில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான சென்சார் கதவுக்குள் இருக்கும். அதைத் தொடாதீர்கள், அதன் மேல் எதையும் ஒட்டாதீர்கள்.

ஒட்ட வேண்டியது அலுமினியத் தாள் மேலிட்ட பியூட்டில் ரப்பர் மேட், ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமன். விலை மலிவு என்று தார் கலந்த மேட்டை வாங்கிவிடாதீர்கள். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காடிக்குள் அது இளகும், நாறும், கழன்று விழும். வாங்கும்போது மூக்கருகே வைத்துப் பாருங்கள். தார் வாடை அடித்தால் வேண்டாம்.

முதலில் வெளித் தகட்டின் உட்புறம், அதாவது ஸ்பீக்கருக்கு நேர் பின்னால். எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் போக ஆல்கஹாலால் துடையுங்கள். தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடும் காடி என்றால் உள்ளே சேர்ந்திருக்கும் புழுதியைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள்; அதன் மேல் எதுவும் ஒட்டாது, இரண்டு தடவை துடையுங்கள். தகட்டின் நான்கில் ஒரு பங்கு முதல் பாதி வரை மேட் போட்டால் போதும். தகட்டின் அதிர்வு அடங்க அவ்வளவுதான் தேவை. உருளையால் அழுத்தி உருட்டுங்கள்; அலுமினியத்தின் புடைப்பு வடிவம் தட்டையாகும்வரை அழுத்தினால்தான் பிடிக்கும்.

பிறகு உள் தகட்டின் ஓட்டைகள். சின்ன ஓட்டைக்கு மேட் மட்டும் போதும். பெரிய ஓட்டையில் வெறும் மேட்டை ஒட்டினால் அதுவே தோல் வாத்தியம் போல அதிரும். ஆகவே கெட்டியான பிளாஸ்டிக் தகடோ மெல்லிய அலுமினியத் தகடோ வெட்டி வைத்து, அதன் மேல் மேட்டை ஒட்டுங்கள். மோட்டார் கெட்டுப்போனால் நாளை இதைத் திறக்க வேண்டிவரும் என்பதை நினைவில் வைத்து, பெரிய ஓட்டையை மூடும் தகட்டை ஸ்க்ரூ போட்டுப் பிடிப்பது நல்லது. கண்ணாடி ஏறி இறங்கும் வழியிலோ கம்பிகள் அசையும் இடத்திலோ எதுவும் ஒட்டக் கூடாது. மேட் ஒட்டியதும் பேட்டரி முனையையும் கண்ணாடி சுவிட்சின் சாக்கெட்டையும் தற்காலிகமாக மாட்டி, கண்ணாடியை ஒருமுறை முழுக்க இறக்கி ஏற்றிப் பாருங்கள்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்ன வடிகால் துளைகள் இருக்கும். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் வெளியேறுவது அவற்றின் வழியாகத்தான். அவற்றை ஒருபோதும் அடைக்காதீர்கள். பேராக்கில் மாலை மழை எப்படிக் கொட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. துளை அடைபட்டால் தண்ணீர் தேங்கி, கதவு அடியிலிருந்து துரு பிடிக்கும். பழைய பிளாஸ்டிக் தாளை எடுத்த இடத்தில் மேட் முழுதாக மூடியிருக்க வேண்டும். இடைவெளி விட்டால் தண்ணீர் டிரிம்முக்குள் வந்து கால்மிதி நனையும். வேலை முடிந்ததும் ஒரு குவளைத் தண்ணீரைக் கண்ணாடியின் வெளிப்பக்க ஓரமாக ஊற்றி, அது கீழே சொட்டுகிறதா என்று பார்த்த பிறகே டிரிம்மை மாட்டுங்கள்.

கடைசியாக, ஸ்பீக்கரின் வளையத்துக்கும் கதவுத் தகட்டுக்கும் நடுவில், சுற்றி முழுதும் பஞ்சு டேப். ஸ்பீக்கரின் முன் விளிம்புக்கும் டிரிம்மின் வலைக்கும் நடுவில் இன்னொரு சுற்று. இந்த இரண்டாவது சுற்றைக் கடைகளில்கூடப் பலர் போடுவதில்லை. போடாவிட்டால் முன் அலையில் ஒரு பகுதி டிரிம்முக்குப் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

முன் கதவுகள் இரண்டையும் முடித்துவிட்டு, அதே பாட்டைப் போடுங்கள். ஸ்பீக்கர் அதே பழையதுதான். கதவை மூடும் சத்தமே கனமாகியிருக்கும். பலருக்கு இதோடு மனம் நிறைந்துவிடும்.

ஸ்பீக்கரை மாற்றலாமா?

அசல் ரேடியோவையே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் யோசித்து மாற்றுங்கள். காடியோடு வரும் காகிதக் கூம்பு எடை குறைந்தது. 20 வாட்டிலேயே துள்ளும். கடையில் அழகாகத் தெரியும் கனமான கூம்புள்ள ஸ்பீக்கர் தனி ஆம்ப் (சக்தியைப் பெருக்கும் கருவி) இல்லாமல் மந்தமாகத்தான் பாடும். அட்டையில் சென்சிடிவிட்டி எண்ணை (அதே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது) பாருங்கள்: 90 டெசிபலுக்குக் குறையாமல் இருக்கட்டும். 87 டெசிபல் ஸ்பீக்கர் அதே சத்தம் தர இரண்டு மடங்கு வாட் கேட்கும். அங்குல அளவையும் ஆழத்தையும் அளந்துகொண்டு போங்கள். ஆழம் கூடினால் கண்ணாடி இறங்கும்போது காந்தத்தில் இடிக்கும்.

ஒயரை வெட்ட வேண்டாம். உங்கள் காடியின் சாக்கெட்டுக்கே பொருந்தும் இணைப்பு ஒயர்கள் ஷாப்பி இணையக் கடையிலும் நேர்க் கடையிலும் கிடைக்கின்றன. சீனக் கடை தவுக்கேயிடம் (முதலாளியிடம்) முதலிலேயே மலாயில் சொல்லிவிடுங்கள்: "ஜாங்ஙான் பொத்தோங் வாயர், பாக்காய் சொக்கெட்" (ஒயரை வெட்டாதீர்கள், சாக்கெட் போடுங்கள்). வாரண்டி இருக்கும் காடிக்கு இது மிக அவசியம். கழற்றிய அசல் ஸ்பீக்கரையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

சப்வூஃபர்

கதவைச் சரிசெய்த பிறகும் அடி ஆழம் வேண்டும் என்றால், தொடங்குபவருக்கு நான் சொல்வது ஆம்ப் உள்ளேயே இருக்கும் எட்டு அல்லது பத்து அங்குல ஒல்லி சப்வூஃபர், இருக்கைக்கு அடியில். பெஸ்ஸா, சாகா போன்ற செடான்களில் பின்பெட்டி தனி அறை; நடுவில் பின்னிருக்கை நிற்பதால் அங்கே போடும் பேஸில் ஒரு பகுதி பின்பெட்டியையும் நம்பர் பிளேட்டையும்தான் ஆட்டும். அவற்றுக்கு இருக்கையடிதான் பொருத்தம். மைவி, ஆக்சியா போன்றவற்றில் பின்பகுதி உள்ளறையோடு திறந்திருப்பதால், சின்ன மூடிய பெட்டியைப் பின்னால் வைத்தாலும் நன்றாக வேலை செய்யும். துளை வைத்த பெட்டி சத்தமாக அடிக்கும்; மூடிய பெட்டி இறுக்கமாக, சுத்தமாக அடிக்கும். தாள வாத்தியம் விரும்பிக் கேட்பவர்களுக்கு மூடியதுதான் என்பேன்.

வாங்குவதற்கு முன் இருக்கையை முன்னும் பின்னும் முழுதாக நகர்த்தி, அடியில் இருக்கும் உயரத்தை இரண்டு நிலையிலும் அளந்துகொள்ளுங்கள். ஏர்கான் குழாயும் ஒயர் கட்டும் அங்கே ஓடுகின்றனவா என்றும் பாருங்கள். நனைந்த குடையை அந்த இருக்கைப் பக்கம் போடும் பழக்கம் இருந்தால் மாற்றிக்கொள்ள வேண்டும்.

மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராக வர வேண்டும். 150 வாட் ஆர்எம்எஸ் தரும் சப்வூஃபர் முழுச் சத்தத்தில் 14 ஆம்பியர் அளவு இழுக்கும். ரேடியோவின் ஒயரிலிருந்தோ சிகரெட் லைட்டர் துளையிலிருந்தோ அதை எடுக்கக் கூடாது. 8 கேஜ் செம்பு ஒயர் போதும். அலுமினியத்துக்குச் செம்பு பூசிய மலிவு ஒயர்தான் கிடைக்கிறது என்றால் ஒரு அளவு தடிமனாக எடுங்கள். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். எத்தனை ஆம்பியர் என்று சப்வூஃபரின் கையேட்டில் இருக்கும். அந்த ஃபியூஸ் காப்பாற்றுவது சப்வூஃபரை மட்டுமல்ல, காடியையே. ஒயர் எங்கேயாவது உரசித் தகட்டில் பட்டால், ஃபியூஸ் இல்லாத ஒயர் தீப்பிடிக்கும். எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் இடத்தில் ரப்பர் வளையத்தின் வழியாக மட்டும் நுழையுங்கள். செம்பனை லோரிகள் போட்ட குழிகளில் நாள்தோறும் குலுங்கும் காடிக்கு இதில் சமரசமே கிடையாது.

மைனஸ் ஒயர் முடிந்த அளவு குட்டையாக, பெயிண்ட் சுரண்டிய வெறும் தகட்டில், போல்ட் போட்டு. பவர் ஒயர் ஒரு பக்கம், சிக்னல் ஒயர் மறுபக்கம் போகட்டும். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் "ங்ஙீ" என்று இரைச்சல் வரலாம். சிக்னலுக்கு அசல் ரேடியோவில் தனி அவுட்புட் இல்லாவிட்டாலும் கவலை இல்லை: ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே எடுக்கும் ஹை லெவல் இன்புட் உள்ள சப்வூஃபராகப் பார்த்து வாங்குங்கள். கதவுகளை ஒட்டிய தூண்களை மூடும் பிளாஸ்டிக்கையும் இருக்கையின் பக்கவாட்டையும் கழற்ற வேண்டிவந்தால், அங்கே ஏர்பேக் இருக்கிறதா என்று பார்த்து, தெரிந்தவர் கையில் விடுங்கள். பேட்டரி ஒயர் வேலையில் பழக்கம் இல்லாதவரும் அந்தப் பகுதியை மட்டும் கடையில் கொடுத்துவிடலாம். கதவு வேலையை நீங்களே செய்திருப்பதால் கூலி குறையும்.

டியூனிங் செய்ய அவசரப்படாதீர்கள். ரேடியோவின் பேஸைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். சப்வூஃபரின் லோ பாஸை (அந்த எண்ணுக்குக் கீழுள்ள ஒலியை மட்டும் விடும் வடிகட்டி) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். கெயினை (வரும் சிக்னலைச் சப்வூஃபர் பெருக்கும் அளவு) முழுக்க இறக்கிவிட்டு, ரேடியோ சத்தத்தை முக்கால் அளவுக்கு ஏற்றுங்கள். இப்போது கெயினை மெதுவாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள்; ஒலி உடையத் தொடங்கும் இடத்திலிருந்து கொஞ்சம் பின்வாங்கி நிறுத்துங்கள். பிறகு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ஃபேஸ் சுவிட்சை (கூம்பு தள்ளும் திசையை மாற்றுவது) 0, 180 இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேட்டு, எதில் பேஸ் நிறைவாக இருக்கிறதோ அதில் விடுங்கள். சப்வூஃபர் எங்கிருந்து பாடுகிறது என்று தெரியக் கூடாது. இருக்கைக்கு அடியிலிருந்து வருவதாகத் தெரிந்தால் லோ பாஸை இன்னும் இறக்குங்கள், அல்லது கெயினைக் குறையுங்கள். உறுமிப் பாட்டைத் திரும்பப் போட்டு, அந்த வழுக்கல் முழுதாகக் கேட்கிறதா என்று பாருங்கள்.

சில காடிகளின் ரேடியோ, ஸ்பீக்கரைக் காப்பாற்றுவதற்காக, சத்தம் ஏற ஏற பேஸை அதுவாகவே குறைக்கும். சத்தத்தைக் கூட்டும்போது சப்வூஃபர் அடங்கிப்போனால் காரணம் அதுதான். அதற்குத் தீர்வு டிஎஸ்பி ஆம்ப், அதாவது ஒலியைக் கணினி முறையில் திருத்தவும் செய்யும் ஆம்ப். இன்றைய பல மாடல்களுக்கு வெட்டாமல் செருகும் சாக்கெட்டோடு கிடைக்கிறது. கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாமல் தடுக்கும் ஹை பாஸையும் அதில் வைத்துவிட்டால், அந்தச் சின்ன ஸ்பீக்கர் தன்னால் முடியாத வேலையை விட்டுவிட்டு இன்னும் சுத்தமாகப் பாடும்.

அதிர்வுச் சத்தம்

பேஸ் வந்ததும் காடியில் இதுவரை பேசாத பாகங்கள் எல்லாம் பேசத் தொடங்கும். செயலியில் 30 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள். நண்பர் ஒருவர் கையை வைத்து அழுத்தி இடத்தைக் கண்டுபிடிக்கட்டும். நம்பர் பிளேட், பின் தட்டு, ஜாக், சீட் பெல்ட் கொக்கி, கதவு கிளிப் இவைதான் வழக்கமான இடங்கள். பஞ்சு டேப் ஒரு சுருள் எல்லாவற்றுக்கும் போதும்.

ஒரு மாதம் ஓட்டிய பிறகு பேட்டரி முனை, ஃபியூஸ் கூடு, மைனஸ் போல்ட் மூன்றையும் ஸ்பேனர் போட்டு ஒருமுறை இறுக்குங்கள். சர்வீஸுக்கு அனுப்பும் நாளில், பேட்டரி ஒயரில் ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று பட்டறைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.